பாலியல் குற்றவாளிகள் மறுவகைப்பாடு (ஒஹாயோ)

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏற்கெனவே தண்டிக்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளைப் பதிவேட்டில் புதிய நிலைகளுக்கு மாற்றிய சட்ட நடவடிக்கை. அதற்கு முன், ஒருவர் மீண்டும் குற்றமிழைக்கும் வாய்ப்பை நீதிபதி விசாரித்த பிறகே கடும் வகையில் சேர்ப்பார். 2006இன் கூட்டாட்சி ஆடம் வால்ஷ் சட்டத்தைப் பின்பற்றி, 2008 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் குற்றப்பிரிவை மட்டுமே அளவுகோலாக்கியது: முதல் நிலைக்கு 15 ஆண்டு, இரண்டாம் நிலைக்கு 25 ஆண்டு, மூன்றாம் நிலைக்கு ஆயுள் முழுதும் பதிவு. பழைய வழக்குகளிலும் மாநிலத் தலைமை வழக்கறிஞரே நிலையை மாற்றினார். 10 ஆண்டில் முடியவேண்டிய பதிவுக் கடமை பலருக்கு நீண்டது.

பதிவு தண்டனையன்று, பொதுப் பாதுகாப்புக்கான ஏற்பாடே என்பது ஆதரவாளர் வாதம். அலாஸ்கா மாநிலத்தின் பதிவுச் சட்டம் பற்றிய வழக்கில் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பாதுகாப்புத் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும், மூன்றாம் நிலையினர் 90 நாளுக்கொருமுறை நேரில் சென்று நிறைவேற்றவேண்டிய, தவறினால் சிறைக்கு இட்டுச்செல்லும் கடமையை வெறும் அலுவலகக் குறிப்பாகக் கருத இயலாது. ஆளின் அபாயத்தை ஆராயாத வகைப்பாடு அந்தப் பாதுகாப்பையே துல்லியமற்றதாக்குகிறது. நீதிமன்றம் முடித்த வகைப்பாட்டை நிர்வாகத்துறை மாற்றுவது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. முந்தைய குற்றங்களுக்குப் புதிய சட்டத்தைப் பொருத்துவது மாநில அரசமைப்புக்கு எதிரானது என 2011இல் கூறியது.