வீல் லாக் சாவி தொலைஞ்சு போச்சா? டயரைக் கழட்ட என்ன வழி? முழு விவரம்

தாராபுரத்தில் இருந்து ஒட்டன்சத்திரம் ரோட்டில் போகும்போது டயர் பஞ்சர். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கியும் இருக்கு. ஒரு போல்ட் மட்டும் எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்கவே இல்லை. அதுதான் வீல் லாக். அலாய் வீல் போட்ட கார்களில் இந்தச் சிக்கல் வரும்.

வீல் லாக் என்றால் என்ன?

அலாய் வீல் திருட்டைத் தடுக்க, சக்கரத்துக்கு ஒன்று வீதம் போடப்படும் தனி ரக போல்ட் அல்லது நட்டு இது. தலை அறுகோணமாக இருக்காது. பூ மாதிரி நெளிவோ, பள்ளமோ இருக்கும். அதற்கேற்ற சின்ன அடாப்டர்தான் 'சாவி'. வோக்ஸ்வாகன் போன்ற சில நிறுவனங்களின் கார்களோடு இது வருகிறது. வெளிக்கடையில் வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

சாவி எங்கே போயிருக்கும்?

டிக்கி தரைக்கு அடியில் உள்ள டூல்கிட், டேஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடியில் என்று முதலில் தேடுங்க. இல்லையா? கடைசியா டயர் மாத்தின கடைக்குப் போன் போடுங்க. வேலை முடிஞ்சதும் சாவி அவங்க சாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கிட்டு நிற்பது சகஜம்.

சாவியில் பொறித்த கோடு நம்பரைக் குறித்து வைத்திருந்தால், ஷோரூமில் மாற்றுச் சாவி ஆர்டர் செய்யலாம். இந்த நம்பரை காருக்குள் வைக்காமல் வீட்டில் வைப்பதுதான் சரி.

நடுரோட்டில் என்ன செய்வது?

டயர் டியூப்லெஸ் என்றால், வீலைக் கழட்டாமலேயே ஆணியைப் பிடுங்கி பஞ்சர் ஒட்டலாம். பலருக்கு இது அந்த நேரத்தில் தோணுவதே இல்லை! காத்து நின்றால் மெதுவாகக் கடைக்குப் போயிடலாம். டயரின் பக்கவாட்டு கிழிந்திருந்தால் ஓட்டாதீங்க, வண்டியை ஏற்றித்தான் கொண்டு போகணும். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவி எண் 1033.

சாவி இல்லாமல் கழட்டுவது எப்படி?

கார் தரையில் நிற்கணும். ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டிருக்கணும். மற்ற போல்ட்களை முதலில் லூஸ் பண்ணாதீங்க. அப்படிச் செய்தால் மொத்த இறுக்கமும் லாக் போல்ட் மேலேயே வந்து விழும். ஏற்கெனவே லூஸ் பண்ணியிருந்தால் திரும்ப இறுக்கிவிட்டு ஆரம்பிங்க.

துரு இருந்தால் துரு நீக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்க. பிறகு போல்ட் தலையை விட ஒரு பொடி சிறிய, 12 முனை உள்ள சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளமான கம்பியால் இடப்பக்கமாக நிதானமாகத் திருப்பணும். வெட்டி வெட்டி இழுத்தால் நழுவும். கண்ணாடி போடாமல் சுத்தியலைத் தொடவே கூடாது, இரும்புச் சில்லு கண்ணில் தெறிக்கும். உள்ளே எதிர்மரை வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. திருப்பத் திருப்ப அது தலையை இறுக்கிக் கவ்வும்.

சில லாக்குகளில் வெளி வளையம் தனியாகச் சுற்றும். அதில் சாக்கெட் அடித்து ஏற்றினால் வளையம் மட்டுமே சுற்றும், போல்ட் அசையாது. அதை டயர் கடையிலோ பட்டறையிலோ விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆர்சி புக் காட்டச் சொன்னால் கோபப்படாதீங்க, திருடனும் இதே கோரிக்கையோடுதானே வருவான்!

தலையில் வேறு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவது, டிரில் போடுவது எல்லாம் கடைசி வழி. வெல்டிங் சூடு அலாயின் பெயின்டைக் கெடுக்கும், பக்கத்தில் டயரும் இருக்கு. லாக் போல்ட் கடினமான இரும்பு என்பதால் சாதாரண டிரில் பிட் மழுங்கும். நட்டு வகை கார்களில் மரை போனால் ஸ்டட் மட்டும் மாற்றினால் போதும். போல்ட் வகையில் மரை இருப்பது ஹப்பில். அது போனால் ஹப்பையே மாற்ற வேண்டி வரும், செலவு எங்கேயோ போகும்.

கழட்டிய பிறகு?

அதே அளவு, அதே மரை உள்ள சாதாரண போல்ட் போடலாம். உட்காரும் பகுதி உருண்டையா, கூம்பா என்று பார்த்து வாங்குங்க, மாறினால் வீல் சரியாக உட்காராது. காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி விடச் சொல்லாதீங்க, டார்க் ரென்ச் கேளுங்க. அளவு மேனுவலில் இருக்கும். பல வோக்ஸ்வாகன் கார்களுக்கு 120 நியூட்டன் மீட்டர். சுமார் 50 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை இறுக்கத்தைச் சரிபார்க்கணும்.