உயில் வைப்பு

உயில் வைப்பு என்பது, ஒருவர் தம் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, உயிரோடு இருக்கும்போதே மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் முறை. இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 42 முதல் 46 வரையான பிரிவுகள் இதை வகுக்கின்றன. உயிலைப் பதிவதையும் வைப்பில் இடுவதையும் ஒன்றாகவே பலர் எண்ணுகின்றனர். பதிவு செய்தால் உயிலின் வாசகம் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். மூலம் எழுதியவர் கைக்கே திரும்பும். வைப்பில் மூலம் அலுவலகத்திலேயே தங்கும். உள்ளே இருப்பது பதிவாளருக்கும் தெரியாது. உயிலைச் சார்பதிவாளரும் பதியலாம்; வைப்பை ஏற்பது பதிவாளர் மட்டுமே. இரண்டுமே கட்டாயமல்ல.

உயிலைப் பொதுக்காவலில் வைக்கும் வழக்கம் மிகப் பழையது. பண்டைய உரோமில் வெஸ்டா கோயிலின் கன்னியர் உயில்களைக் காத்தனர். ஜூலியஸ் சீசரின் உயில் அவர்களின் தலைவியிடம்தான் இருந்தது. கி.மு. 32-இல் மார்க் ஆண்டனியின் உயிலை ஆக்டேவியன் அந்தக் காவலிலிருந்து வலிந்து எடுத்து, உயிரோடிருந்த எதிரியின் உயிலை ஊரறிய வாசித்தார். எவ்வளவு புனிதமான காவலானாலும் அதிகாரம் நினைத்தால் உறை பிரிந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெயர்பெற்ற சான்று இல்லை.

இந்தியச் சட்டத்தில் உறையின் மேல் உயில் எழுதியவர் பெயர், முகவர் மூலம் தந்தால் அவர் பெயர், உள்ளிருக்கும் ஆவணம் இன்னதென்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் உரியவர்தான் எனப் பதிவாளருக்கு நிறைவு ஏற்பட்டால், மேலெழுத்தை 5-ஆம் புத்தகத்தில் படியெடுப்பார். பெற்றுக்கொண்ட ஆண்டு, மாதம், நாள், மணி, அடையாளம் காட்டியவர்களின் பெயர்கள், முத்திரையில் படிக்கக்கூடிய எழுத்துகள் வரை அதில் ஏறும். முத்திரையின் எழுத்தைக்கூடக் குறிக்கச் சொன்னது, உறையைப் பிரித்து வேறு முத்திரை வைத்தால் கண்டுபிடிக்கத்தான் போலும். பிறகு உறை தீப்பற்றாத பெட்டிக்குள் போகும்.

எழுதியவர் நேரிலோ முகவர் மூலமோ விண்ணப்பித்து எப்போது வேண்டுமானாலும் உறையைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றதாலேயே உயில் இரத்தாகிவிடாது. வைப்பு இருக்கும்போதே அவர் வேறொரு உயில் எழுதினால், முறைப்படி எழுதப்பட்டிருக்கும் வரை, பிந்தியதே நிற்கும்; பெட்டிக்குள் இருப்பதால் பழையதற்குத் தனி மதிப்பு கிடையாது.

உயில் எழுதியவர் இறந்தபின் ஒருவர் விண்ணப்பித்து, இறப்பு உறுதியானால், விண்ணப்பதாரர் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். அவர் செலவில் வாசகம் 3-ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டு, மூலம் மீண்டும் வைப்புக்கே போகும். நீதிமன்றம் உயிலைக் கேட்டு ஆணையிட்டால், அதற்குமுன் படியெடுக்கப்படாத உயில் முதலில் படியெடுக்கப்படும். மூலம் நீதிமன்றத்துக்குச் சென்றது என்ற குறிப்பும் படியில் சேரும்.

இந்த ஏற்பாடு காப்பது தாளைத்தான். உறைக்குள் இருப்பதைப் பதிவாளர் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டனரா என்பதையும் அவர் அறியார். சாட்சிக் கையெழுத்தில்லாத உயில் ஆண்டுக்கணக்கில் பத்திரமாகக் கிடந்து, பிரித்த அன்றே செல்லாமல் போகலாம். மெய்ப்பித்தலும் வழக்கம்போல் நீதிமன்றத்தில் சாட்சி வழியாகத்தான் நடக்கும். ஆனால் பங்காளிகள் கைக்கு எட்டாத இடத்தில் மூலம் இருப்பதால், உயிலைக் கிழித்துவிட்டார்கள், ஒளித்துவிட்டார்கள் என்ற வழக்கமான தகராறுக்கு இடம் குறைகிறது.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. இறப்பைக் கேள்விப்பட்டுப் பதிவாளர் தாமாக உறையை எடுக்கும்படி சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பமோ நீதிமன்ற ஆணையோ வந்தால்தான் பெட்டி திறக்கும். ஜெர்மனியில் 2012 முதல் இயங்கும் மைய உயில் பதிவேட்டுக்கு இறப்புச் செய்தி போகும். அங்கிருந்து உயிலை வைத்திருக்கும் இடத்துக்கும் வாரிசுரிமை நீதிமன்றத்துக்கும் தகவல் போகும். இந்தியாவிலோ உயில் எங்கே வைப்பில் இருக்கிறதென்று குடும்பத்தில் ஒருவருக்கோ உயிலை நிறைவேற்றுபவருக்கோ தெரிந்திருக்க வேண்டும்.