சண்டை மீனுக்கு இரவில் விளக்கு தேவையா?

படுக்கப் போகும்முன் தொட்டி லைட்டை அணைப்பதா, இல்லை மீன் இருட்டில் பயப்படும் என்று எரியவே விடுவதா? சுருக்கமான பதில்: தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

மீனுக்கும் தூக்கம் உண்டா?

உண்டு. ஆனால் மீனுக்குக் கண்ணிமை கிடையாது. நம்மைப் போல் கண்ணை மூடி வெளிச்சத்தைத் தடுக்க அதனால் முடியாது. இருட்டுதான் அதற்குத் தூங்கும் நேரத்தைச் சொல்கிறது. ஸீப்ரா மீன்களை வைத்து நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து வெளிச்சத்தில் இருந்த மீன்கள் ஏறக்குறைய தூங்கவே இல்லை.

இயற்கையில் எப்படி?

கடைகளில் விற்கும் பெட்டா ஸ்ப்ளென்டன்ஸ் தாய்லாந்து மீன். அந்நாடு 2019-இல் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் நாட்டு வயல், சதுப்பு, கால்வாய்களில் அதன் உறவான பெட்டா இம்பெல்லிஸ் வாழ்கிறது. மலாயில் 'இக்கான் லாகா' என்போம். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், கால்வாயில் மீன் பிடித்த கதை வரலாம். ஈப்போவில் ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். அதன்பின் கால்வாயிலும் இருட்டுதான்.

எரிய விட்டால் என்ன ஆகும்?

அறை இருட்டாகவும் தொட்டி மட்டும் வெளிச்சமாகவும் இருந்தால், கண்ணாடி உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி போல் ஆகிவிடும். தன் நிழலையே எதிரி என்று நினைத்து மீன் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும். ஓய்வு போய்விடும், பாசியும் வேகமாகப் படரும். நீல 'மூன்லைட்' எல்இடியும் வெளிச்சம்தான்.

என்ன செய்யலாம்?

தினமும் 8 முதல் 12 மணி நேரம் வெளிச்சம் போதும். மறந்துவிடுவீர்கள் என்றால் டைமர் பிளக் போடுங்கள். நடு இரவில் திடீரென லைட் போட்டால் மீன் திடுக்கிட்டுத் துள்ளலாம், அதனால் தொட்டிக்கு மூடி அவசியம். ஆனால் இது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன். மூடிக்குக் கீழே காற்று இருக்கட்டும். இரவு கேம் விளையாடுபவரா? திரை வெளிச்சம் படும் பக்கத்தில் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள்.

ஏர்கோன் அறையில் தொட்டி இருந்தால், தண்ணீர் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு விளக்கு உதவாது, சிறிய ஹீட்டர்தான் உதவும்.