கைமாறி வந்த சேகரம்: தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் தொகுப்பு உருவான வரலாறு

தில்லியில் இந்தியா கேட் அருகே உள்ள ஜெய்ப்பூர் மாளிகையில் 1954 மார்ச் 29 அன்று தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டது. அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். பிரதமர் நேருவும் உடனிருந்தார். இன்று அங்கே 17,000க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. கம்பெனி ஓவியங்கள், காளிகாட் படங்கள், ரவி வர்மா, வங்கப் பள்ளி, அம்ரிதா ஷேர்கில், பம்பாய் முற்போக்குக் கலைஞர்கள் என்று சுவரோரமாக நடந்து செல்பவருக்கு, 1850-களிலிருந்து ஒரு தேசம் நவீனமான கதை ஒழுங்காகக் கண்முன் விரிவதாகத் தோன்றும். அந்த ஒழுங்கு பின்னால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தக் கலைஞரின் குடும்பம், எந்த ஆண்டில், எவ்வளவு படங்களை அரசிடம் ஒப்படைத்தது என்பதுதான் இருப்பைப் பெருமளவு தீர்மானித்தது. அந்த இருப்பிலிருந்து வரலாறு எழுதப்பட்டது. 1970-களில் சட்டம் அந்த வரலாற்றுக்கு அரசு முத்திரையையும் இட்டது.

இது ஏன் இப்படி நேர்ந்தது என்பதை அறிய, பழங்கலையும் புதுக்கலையும் அரசின் கைக்கு வந்து சேர்ந்த வழிகளை ஒப்பிட வேண்டும். 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாதெமியில் இந்திய, பாகிஸ்தான் கலைகளுக்கான பெருங்கண்காட்சி நடந்தது. அதற்காக நாடெங்கும் இருந்து திரட்டப்பட்ட சிற்பங்களும் சிற்றோவியங்களும் திரும்பி வந்தபோது அவை குடியரசுத் தலைவர் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன; அதுவே வளர்ந்து 1949 ஆகஸ்ட் 15 அன்று தேசிய அருங்காட்சியகம் ஆயிற்று. மௌரியத் தூணும் சோழர் செப்புத் திருமேனியும் ஏற்கனவே தொல்லியல் துறையிடமோ மாகாண அருங்காட்சியகங்களிடமோ இருந்தன. மண்ணுக்கடியில் கிடைத்த பொருள்மீது அரசு உரிமை கோர 1878-ஆம் ஆண்டிலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. நவீன ஓவியத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை. அது ஓவியரின் வீட்டில், விதவையின் பெட்டியில், சமஸ்தான அரண்மனைச் சுவரில், ஏதோ ஒரு வழக்கறிஞரின் வரவேற்பறையில் இருந்தது. அதற்கு உயிரோடு ஓர் உரிமையாளர் இருந்தார். கேட்டோ, வாங்கியோ, கொடையாகப் பெற்றோதான் அது பொதுச் சொத்தாக முடியும். தில்லியில் தேசியக் கலைக்கூடம் வேண்டும் என்று அகில இந்திய நுண்கலை, கைவினைச் சங்கத்தின் சார்பில் பரதா உகில் 1938 வாக்கிலேயே குரல் கொடுத்தார். ஆனால் குரலுக்கும் கட்டடத்துக்கும் இடையே முதலில் நிரப்பப்பட வேண்டியிருந்தது படங்கள் இல்லாத வெற்றிடம்தான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பிய முதல் பெரும் சேகரம் அம்ரிதா ஷேர்கிலுடையது. புடாபெஸ்டில் 1913-இல் பிறந்து, பாரிசில் பயின்று, 1941 டிசம்பரில் லாகூரில் 28 வயதில் இறந்தவர் அவர். வாழ்ந்த காலத்தில் அவருடைய படங்கள் பெருமளவில் விற்கவில்லை. அதனாலேயே அவை சிதறவில்லை. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் அவருடைய கணவர் விக்டர் ஈகனிடமிருந்தும் தந்தை உம்ராவ் சிங்கிடமிருந்தும் அவற்றில் பெரும்பகுதி அரசிடம் வந்தது. ஷேர்கில் வரைந்ததாக ஆவணப்படுத்தப்பட்டவை ஏறத்தாழ 170. அவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பு இவ்வளவு முழுமையாக ஒரு பொது நிறுவனத்திடம் வந்து சேர்வது உலகிலேயே அரிது. அந்த முழுமையால்தான் அவரை நாம் படிப்படியாகப் படிக்க முடிகிறது. பாரிஸ் காலத்து உருவப்படங்களிலிருந்து ‘பிரம்மச்சாரிகள்’ வரையிலான தூரத்தை அளக்க முடிகிறது. 1937-இல் தீட்டப்பட்ட அந்தப் படத்தில் செம்மண் நிறப் பின்புலத்தின் முன் ஐந்து இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மேலுடம்பில் பூணூல் மட்டும். இடுப்பில் வெள்ளை வேட்டி. ஒருவர் மற்றவரைப் பார்ப்பதில்லை. ஐந்து உடல்களின் மாநிறமும் ஒன்றுக்கொன்று சிறிதே மாறுபட, வேட்டியின் வெள்ளை மட்டும் படத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் மடிப்பு மடிப்பாகப் படர்ந்து அவர்களைப் பிணைக்கிறது. அஜந்தாவையும் மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களையும் கன்னியாகுமரியையும் பார்த்துத் திரும்பிய கையோடு அவர் வரைந்தது இது. சுவரோவியத்தின் தட்டையான வண்ணப்பரப்பை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவரும் முயற்சி இதில் துலக்கமாகத் தெரிகிறது. தென்னாட்டுக் கோயில் ஊர்களின் இளைஞர்கள் இந்திய நவீன ஓவியத்தின் அடையாளப் படங்களில் ஒன்றில் இடம்பெற்றது இப்படித்தான். தென்னாட்டு ஓவியர்கள் அதே அளவுக்கு அந்த அடையாளத்தில் இடம்பெற்றார்களா என்பது பின்னால் எழும் கேள்வி.

திறப்பு விழாவின்போது இருந்த சேகரத்தில் ஷேர்கிலோடு ரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், நந்தலால் போஸ், லாகூரின் அப்துர் ரஹ்மான் சுக்தாய் ஆகியோரின் படங்கள் முக்கியமாக இருந்தன. சுக்தாய் அதற்குள் பாகிஸ்தான் குடிமகனாகிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கோடு விழுந்த பிறகும் கைவசம் இருந்தது கைவசம்தான். முதல் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் ஹெர்மன் கோட்ஸ், பரோடா அருங்காட்சியகத்தை நடத்திய ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர். ஓவியம் குறைவாக இருந்த கூடத்தை அவர் சிற்பக் கண்காட்சியோடு திறந்தார். ராம்கிங்கர் பைஜ், சங்கோ சௌதுரி, தன்ராஜ் பகத் ஆகியோரோடு சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌதுரியும் அதில் பங்கேற்றார். பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க நால்வர் உடலைக் கொடுத்து உந்தும் அவருடைய ‘உழைப்பின் வெற்றி’ ஜெய்ப்பூர் மாளிகைப் புல்வெளியிலும் நிற்கிறது, 1959 முதல் சென்னை மெரினாவிலும் நிற்கிறது. நம்மூரில் உழைப்பாளர் சிலை என்றால் தெரியாதவர் இல்லை; தலைநகரின் கலைக்கூட முற்றத்திலும் அதே நால்வர் இருப்பது பலருக்குத் தெரியாது.

தொகுப்பின் உருவத்தையே மாற்றிய இரண்டாவது வரவு 1980-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. லக்ஷ்மி சிஹாரே இயக்குநராக இருந்த அக்காலத்தில் நந்தலால் போஸின் குடும்பத்தாரிடமிருந்து ஏறத்தாழ 7,000 படைப்புகள் பெறப்பட்டன. மொத்த இருப்போடு ஒப்பிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே கலைஞருடையது. அதிலுள்ள செல்வத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. காந்தியின் வேண்டுகோளுக்கு இணங்கி நந்தலால் அதற்காகத் தீட்டிய பதாகைப் படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் உள்ளன. கொட்டு முழக்குபவர், உழவர், மல்லர்கள், நெல் குத்தும் பெண்கள், வீணை மீட்டுபவர் என்று ஒவ்வொருவரும் ஒரு வளைவுக்குள் அடங்கி நிற்கிறார்கள். காகிதத்தில் டெம்பரா வண்ணம். காவி, மஞ்சள், கறுப்பு, பச்சை. தயக்கமே இல்லாமல் ஒரே இழுப்பில் விழுந்த கோடுகள். பந்தலில் நடந்து போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தீட்டப்பட்டவை என்பது அந்தக் கோட்டின் வேகத்திலேயே தெரிகிறது. மாநாடு முடிந்ததும் கிழிந்து போயிருக்க வேண்டிய படங்கள் இவை. ஒரு குடும்பம் பேணியது, அரசு பெற்றுக்கொண்டது, ஆகவே பிழைத்தன.

இங்கே முதல் மறுப்பு எழும். ஷேர்கிலும் நந்தலாலும் தகுதியால்தான் பேரிடம் பெற்றார்கள், தற்செயலால் அல்ல. நந்தலாலின் 7,000 எண்ணிக்கையில் அஞ்சலட்டைக் கோட்டோவியங்களும் சிறு வரைவுகளும் அடங்கும், எண்ணிக்கையை வைத்து எடை போடக் கூடாது என்பார்கள். பின்பகுதி சரியே. முன்பகுதியில் ஒரு வழுக்கல் இருக்கிறது. தகுதி ஒன்றே இருப்பைத் தீர்மானித்திருந்தால் ரவி வர்மாவின் தலையாய படங்கள் தில்லியில் இருக்க வேண்டும். அவை பரோடா லக்ஷ்மி விலாஸ் அரண்மனையிலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், 1935-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்திலும் இருக்கின்றன, ஏனென்றால் அவரை வாங்கியவர்கள் சமஸ்தான மன்னர்கள். தாகூரின் படங்களில் பெரும்பகுதி சாந்திநிகேதனில் தங்கிவிட்டது. தில்லியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. இன்னும் தெளிவான சான்று கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் நவீன ஓவியத்துக்குப் புதியதோர் இலக்கணத்தைத் தேடியவர், 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவர். அவருடைய படைப்புகளின் முக்கியத் திரள் கேரள அரசுக்குச் சென்றது. 1979-இல் திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் தனிக்கூடமே அமைந்தது. தில்லியில் பணிக்கர் சில படங்களாக இருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒரு வாழ்நாளாக இருக்கிறார். தலைநகரில் ஆய்வு செய்பவர் ஷேர்கிலின் வளர்ச்சியைப் பற்றி நூல் எழுதலாம், பணிக்கரைப் பற்றிப் பத்தி எழுதலாம். வரலாற்றெழுத்தின் இந்த வேறுபாட்டைத் தகுதியின் வேறுபாடாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இந்தச் சாய்வைச் சட்டம் இறுக்கியது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம், தொன்மைப் பொருள் அல்லாத கலைப்படைப்பையும் ‘கலைச்செல்வம்’ என்று அறிவித்து நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1976, 1979 அறிவிப்புகளால் 9 கலைஞர்களின் படைப்புகள் இப்பாதுகாப்பைப் பெற்றன: ரவீந்திரநாத், ககனேந்திரநாத், அவனீந்திரநாத் தாகூர்கள், நந்தலால், ஜாமினி ராய், ஷைலோஸ் முகர்ஜி, ஷேர்கில், ரவி வர்மா, நிக்கோலஸ் ரோரிக். ஒன்பதில் ஆறு பேர் வங்கத்தைச் சார்ந்தவர்கள். படைத்தவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய படைப்பைக் கலைச்செல்வமாக அறிவிக்கலாகாது என்பது சட்டத்தின் விதி. உயிரோடிருப்பவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. விளைவோ வேறு. 1976-இல் பணிக்கரும் ராம்கிங்கரும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே அப்போது தகுதி பெறவில்லை. பணிக்கர் 1977-இல் மறைந்தார், ராம்கிங்கர் 1980-இல். அவர்கள் மறைந்த பிறகும் பட்டியல் அந்த ஒன்பதோடு நின்றுவிட்டது. ராய் சௌதுரி 1975-இலேயே காலமாகியிருந்தும் அதில் இல்லை. எழுபதுகளின் நடுவில் யாருடைய புகழ் ஏற்கனவே நிலைபெற்றிருந்ததோ அவர்களை நிரந்தரமாக்கிய பட்டியல் அது. அந்தப் புகழுக்கு ஒரு முக்கியக் காரணம், 1954 முதல் அவர்களுடைய படங்கள் தேசத்தின் பெயரில் சுவரில் தொங்கியதே.

கிளைகள் இக்குறையைப் போக்கிவிட்டன என்பது இரண்டாவது மறுப்பு. சிற்பி பிலூ போச்கானாவாலா முதலியோர் நெடுநாள் போராடிய பின் 1996-இல் மும்பை கோவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் ஒரு கிளை திறந்தது. 2009-இல் பெங்களூர் மாணிக்கவேலு மாளிகையில் மற்றொன்று. அதே ஆண்டு தில்லியிலும் புதிய கட்டடம் வந்து காட்சிப் பரப்பு பல மடங்கு பெருகியது. இவை போற்றத்தக்கவை, பெங்களூர்க் கிளை தென்னகத்துப் பார்வையாளருக்குச் செய்திருக்கும் நன்மை சிறியதல்ல. ஆனால் சுவர்கள் பெருகியதால் இருப்பு மாறிவிடாது. பெங்களூர்ச் சுவர்களில் ஏறத் தொடங்கியவை பெரும்பாலும் தில்லி இருப்பிலிருந்து வந்த படங்கள். பார்வையாளர் இடம் மாறினார். கதை இடம் மாறவில்லை.

எல்லா அருங்காட்சியகமும் கொடையால் வளர்ந்ததுதானே என்பது மூன்றாவது, மிக வலுவான மறுப்பு. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் அடித்தளமே லில்லி பிளிஸ் என்ற ஒரு பெண்மணியின் உயில்தான். அது 1934-இல் கைக்கு வந்தது. ஆனால் அங்கே அந்தக் கொடைப் படங்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் நிறுவனத்துக்கு உரிமை இருந்தது. அதில் ஒன்றைக் கைமாற்றித்தான் பிக்காசோவின் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ 1939-இல் அங்கு வந்தது. கொடை அவர்களுக்குத் தொடக்க மூலதனமாயிற்று. இடைவெளிகளை நிரப்ப அது செலவிடப்பட்டது. இந்தியாவில் பொதுச் சொத்தை அப்படி விற்க முடியாது, விற்கவும் கூடாது என்றே நான் கருதுகிறேன். ஹரிபுராப் படம் ஒன்றை ஏலத்துக்கு அனுப்பும் நிலையை யாரும் விரும்ப மாட்டார்கள். விற்காத நிறுவனத்துக்கு இடைவெளியைச் சரிசெய்ய இருக்கும் வழி, எதைப் பெறவில்லை என்று கணக்கெடுத்து அதைத் தேடிச் செல்வது மட்டுமே. வாங்கியும் சேர்க்க முடியும் என்பதற்கு ஓவியர் ஹுசைனின் 1955-ஆம் ஆண்டு ‘ஜமீன்’ போன்ற பெரும் படங்கள் அத்தொகுப்பில் இருப்பது சான்று. இன்றைய ஏல விலைகளோடு அரசு நிதி போட்டியிட முடியாது என்பது உண்மை. ஆகவே குடும்பங்களோடு பேச வேண்டிய தேவை முன்னெப்போதையும்விட இப்போது கூடியிருக்கிறது.

இந்தத் தேவைக்குச் சென்னையே எடுத்துக்காட்டு. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளி நாட்டின் பழைய கலைப் பள்ளிகளுள் ஒன்று. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள செம்மண் நிறக் கட்டடம் 1951-இல் தேசியக் கலைக்கூடம் என்ற பெயரையும் பெற்றது, தில்லிக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. பெயர் வந்தது; அப்பள்ளியைச் சுற்றி வளர்ந்த சென்னைக் கலை இயக்கத்தை முழுமையாகத் திரட்டும் பொறுப்பை எந்த அரசும் அதனிடம் ஒப்படைக்கவில்லை. அவ்வியக்கத்துக் கலைஞர்களில் தனபால் 2000-இல் மறைந்தார், ஆதிமூலம் 2008-இல், சந்தானராஜ் 2009-இல். காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் கறுப்பு மையில் வரைந்த காந்தி கோட்டோவியங்களை, நந்தலால் 1930-இல் தண்டி யாத்திரைக்காக லினோவில் வெட்டிய காந்தியோடு அருகருகே வைத்துப் பார்த்தால், நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் நடையைக் கோடு எப்படி வேறுவேறாகப் பிடித்தது என்பதை எந்த மாணவரும் கண்டுகொள்வார். நந்தலாலின் குடும்பத்திடம் 1980-களில் ஒருவர் போய்க் கேட்டார். சென்னைக் கலைஞர்களின் வாரிசுகளிடம் அதே கேள்வியை, படங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போவதற்கு முன், தில்லியோ எழும்பூரோ போய்க் கேட்க வேண்டும்.