காந்தத்தின் நடுவே ஒரு கரித்துண்டு - கே.எஸ். கிருஷ்ணனும் கிராஃபைட்டும்

கார்த்திகைத் தீபம் முடிந்து மலை உச்சியிலிருந்து கொப்பரை கீழே வந்துவிட்டால், திருவண்ணாமலைக்காரர்கள் அடுத்து எதிர்பார்ப்பது தீப மையைத்தான். 2,668 அடி உயரத்தில் பதினொரு நாட்கள் எரிந்த நெய்யும் திரியும் விட்டுச்சென்ற கரி அது. ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கிடைக்கும். பொதுவாகவே புகைக்கரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு துகளுக்குள்ளும் வெங்காயத் தோல் மாதிரி வளைந்து அடுக்கிய கார்பன் தாள்கள் தெரியும். அதே தாள்கள் வளையாமல், தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அதன் பெயர் கிராஃபைட்.

அதாவது பென்சிலில் இருப்பது! இதைத் தமிழில் 'காரீயம்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் காரீயம் என்பது வேறு ஒரு உலோகம். ஐரோப்பாவிலும் இதே குழப்பம் இருந்தது. 1779ல் ஷீலே என்ற வேதியியலாளர்தான் இது ஈயம் அல்ல, கார்பன் என்று காட்டினார். உள்ளே அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது தெளிவாக இன்னும் 145 வருடங்கள் ஆயின. 1924ல் ஜே.டி. பெர்னல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, தேன்கூடு போன்ற அறுகோணத் தாள்களின் அடுக்கு இது என்று நிறுவினார்.

அணுக்கள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. எலக்ட்ரான்கள்? இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு. கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தார். மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து அறிவியலில் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று அவர் ஏற்படுத்திய கூட்டத்துக்கு மற்ற கல்லூரி மாணவர்களும் வந்தார்களாம். பிறகு கல்கத்தா சென்று 1923ல் ராமனிடம் சேர்ந்தார். 1928ல் ராமன் விளைவு பற்றி 'நேச்சர்' இதழில் வெளியான முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன. 1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். வரவு ஒரே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் டாக்காவில் இருந்தார், படிகங்களைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராய்ந்துகொண்டு. அவர் வளர்த்தெடுத்த முறை பார்க்க மிக எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கினால் படிகம் திரும்ப மறுத்து அடம்பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட கோணம் தாண்டியதும் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். கோடிகள் விலையுள்ள கருவி எதுவும் தேவைப்படவில்லை.

1933ல் கல்கத்தா திரும்பியவர், 1934ல் கிராஃபைட் பற்றி எழுதினார். கிராஃபைட் காந்தத்தை விலக்கும் பொருள். (வலுவான காந்தங்களின் மேல் கிராஃபைட் தகடு அந்தரத்தில் மிதப்பதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.) ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விலக்குவதில்லை. தாள்களுக்குக் குறுக்காகக் காந்தப்புலம் பாயும்போது இந்த விலக்கம், தாள்களின் வழியே பாயும்போது இருப்பதைவிட ஏறத்தாழ 40 மடங்கு!

காரணம் இதுதான். கார்பனின் நான்கு வெளி எலக்ட்ரான்களில் மூன்று பக்கத்து அணுக்களோடு கைகோர்த்துவிடுகின்றன. நான்காவது, தாள் முழுக்கச் சுற்றித் திரிகிறது. ஆனால் அடுத்த தாளுக்குத் தாவுவது கடினம். என். கங்குலியுடன் சேர்ந்து 1939ல் மின்கடத்தலை அளந்தபோதும் இதே கதை. தாளின் வழியே மின்சாரம் ஆயிரக்கணக்கான மடங்கு சுலபமாக ஓடியது. 1941ல் இருவரும் கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்களைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள். கிராஃபைட்டின் மின்தன்மையைப் புரிந்துகொள்ள ஒற்றைத் தாளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைச் சான்று வேண்டுமா? 1947ல் கனடாவில் வாலஸ் அந்த ஒற்றைத் தாளைக் காகிதத்தில் கணக்கிட்டார்.

அதே 1947ல் கிருஷ்ணன் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நிர்வாக வேலைகளுக்கு நடுவிலும் கிராஃபைட்டை விடவில்லை. சூடான கிராஃபைட்டிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை எஸ்.சி. ஜெயினுடன் ஆராய்ந்து 1952ல் வெளியிட்டார். 1961ல் காலமானார்.

2004ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தாளையே கையில் எடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010ல் நோபல். உரித்தெடுத்தது ஒரு தாளா, இரண்டா, பத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியின் நிறமாலையைப் பார்க்கிறார்கள். ஆம், ராமன் விளைவு! கிருஷ்ணன் கைவைத்த இரண்டு வேலைகளும் இன்று உலகெங்கும் ஒரே மேஜையில் சந்திக்கின்றன. அந்தச் சோதனையின் பெயர் 'ராமன் நிறமாலையியல்'.