சந்திரசேகர் கண்ட எல்லை

1930ஆம் ஆண்டில், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடற்பயண நாள்களை அவர் வீணே கழித்தாரல்லர். எரிந்தடங்கிய விண்மீனின் முடிவு யாது என்று கணித்துப் பார்த்தார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிந்தடங்கி ஒடுங்கிய வெண்குறுமீனின் திணிவு, ஞாயிற்றின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படின், அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது என்பது அவ்வாராய்ச்சியின் முதிர்ந்த முடிபாகும்.

1935 சனவரியில், இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அக்காலப் பேரறிஞர் எடிங்டன் அவையறிய அதனை எள்ளி மறுத்தார். இளைஞரோ பூசலை வளர்க்காது, தம் ஆய்வை 1939இல் நூலாக்கிவிட்டு வேறு துறை புகுந்தார். 1983இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

அவ்வெல்லை இன்று புதியதொரு வினாவுக்கும் உரைகல்லாய் நிற்கின்றது. அண்டம் தோன்றிய கணத்திலே அது கடுவேகத்தில் உப்பி விரிந்தது என்பர் அறிஞர். அவ்விரிவில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் பெருகின. மிக அடர்ந்த இடங்கள் விண்மீன் நிலையை அடையாமலே நேரே கருந்துளைகளாய் ஒடுங்கியிருக்கலாம். 1967இல் செல்தோவிச்சும் நோவிகோவும், 1971இல் ஹாக்கிங்கும் இத்தகைய ஆதிக் கருந்துளைகளைப் பற்றி எழுதினர். இவற்றின் திணிவுக்கு விண்மீன்களின் விதி பொருந்தாது. மாத்தளைக்குக் கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஒரு சிகரத்தின் திணிவு, அணுக்கருவினளவான கருந்துளைக்குள் அடங்கிவிடும்!

இவற்றைக் காண்பது எங்ஙனம்? ஒளி தாராத கருந்துளைகள் இரண்டு சுழன்று ஒன்றாகும்போது வெளியே அதிர்கின்றது. அவ்வதிர்வே ஈர்ப்பலை. 2015 செப்டெம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் லைகோ நிலையங்கள், 4 கிலோமீற்றர் நீளமான கைகளைக் கொண்டு முதன்முறையாக அதனை உணர்ந்தன. அன்று இணைந்த கருந்துளைகள் ஒவ்வொன்றும் ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு திணிவுடையவை.

இனி, ஞாயிற்றினும் இலேசான கருந்துளையொன்று ஈர்ப்பலையால் வெளிப்படுமாயின் என்னாகும்? சந்திரசேகர் எல்லைக்கு உட்பட்ட விண்மீன் எச்சம் வெண்குறுமீனாய்த் தன்னைத் தாங்கி நிற்கும், கருந்துளையாகாது. ஆகவே அவ்விலேசான கருந்துளை விண்மீனின் பிள்ளையன்று. அண்டத்தின் முதற்கணத்திற் பிறந்ததெனக் கொள்ளுதற்கு அது வலிய சான்றாகும். ஐயத்திற்கிடமின்றி அத்தகையதொன்று இன்னும் அகப்படவில்லை, தேடல் தொடர்கின்றது. அன்று அவை நகைத்த எண்ணை, இன்று உலகம் தன் பிறப்பின் சாட்சியைச் சோதிக்கக் கையிலெடுத்துள்ளது.