‘வரவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? கடந்தகால நிகழ்வுகளும் வினைச்சொல்லின் காலமும்

“அவன் வரவில்லை” என்ற வசனத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம். “ஹி டிட் நொட் ரிட்டர்ன்” என்பது ஒன்று. “ஹி ஹாஸ் நொட் ரிட்டர்ன்ட்” என்பது மற்றையது. இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் முதலாவது முடிந்துபோன ஒரு பொழுதைப் பற்றிப் பேசுகிறது: அன்று அவன் வரவில்லை. இரண்டாவது இன்றுவரை நீளும் ஒரு நிலையைச் சொல்கிறது: அவன் இன்னமும் வரவில்லை. தமிழில் ‘வரவில்லை’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானது. ‘அன்று’, ‘இன்னும்’ போன்ற சொற்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல்லே செய்கிறது.

எமது மக்களில் பலர் தமது வாழ்க்கையில் நடந்தவற்றை ஆங்கிலத்தில் எழுதவேண்டிய நிலையில் இருக்கிறார்கள். வலிந்து காணாமலாக்கப்படுதல் தொடர்பில் 1980 இல் உருவாக்கப்பட்ட ஐ.நா. செயற்குழு முறைப்பாடுகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் ஏற்கிறது. புகலிடக் கோரிக்கைகள், வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கான கடிதங்கள், சத்தியக்கடதாசிகளின் மொழிபெயர்ப்புகள் என மேலும் பல உண்டு. இவற்றை வாசிப்பவருக்கு உங்களைத் தெரியாது. தாளில் இருக்கும் வினைச்சொல் சொல்வதையே அவர் எடுத்துக்கொள்வார். அடிக்கடி சிக்கல் தரும் இடங்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆங்கில வசனங்கள் வாய்விட்டு வாசிக்கக்கூடியவாறு தமிழெழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

திகதி இருந்தால் சிம்பிள் பாஸ்ட்

எப்போது நடந்தது என்று சொல்லும் வசனத்தில் சாதாரண இறந்தகாலமே வரவேண்டும். சோ, வென்ட், டுக், கேம் போன்ற வடிவங்கள் இவை.

“ஐ சோ ஹிம் ஒன் 18 மே 2009” என்பது சரி. “ஐ ஹாவ் சீன் ஹிம் ஒன் 18 மே 2009” என்பது பிழை. முடிந்துபோன திகதியோ ஆண்டோ வசனத்தில் இருக்கும்போது ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ சேர்த்த பிரசன்ட் பேர்பெக்ட் வடிவம் அதனோடு ஒட்டாது. ‘கண்டிருக்கிறேன்’ என்ற தமிழ் வடிவத்தை அப்படியே ‘ஹாவ் சீன்’ என்று மாற்றுவதால்தான் இந்தப் பிழை வருகிறது. தமிழில் “2009 இல் அவரைக் கண்டிருக்கிறேன்” என்று சொல்வதில் தவறில்லை. ஆங்கிலம் அதை ஏற்பதில்லை.

இன்றுவரை தொடர்ந்தால் பிரசன்ட் பேர்பெக்ட்

“2009 முதல் மகனைத் தேடுகிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை “ஐ ஆம் சேர்ச்சிங் சின்ஸ் 2009” என்று எழுதுவது எமது மக்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. ‘சின்ஸ்’ வந்தால் “ஐ ஹாவ் பீன் சேர்ச்சிங் ஃபோர் ஹிம் சின்ஸ் 2009” என்று எழுதவேண்டும். அன்று தொடங்கியது, இன்றும் நிற்கவில்லை என்ற இரண்டையும் அந்த ‘ஹாவ் பீன்’ ஒருமிக்கச் சொல்கிறது.

‘ஃபோர்’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. “வீ லிவ்ட் இன் மெனிக் பாம் ஃபோர் டூ யியர்ஸ்” என்றால் இரண்டு வருடம் அங்கே இருந்தோம், பின்னர் வெளியேறினோம். “வீ ஹாவ் லிவ்ட் இன் மெனிக் பாம் ஃபோர் டூ யியர்ஸ்” என்றால் இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஒரு ‘ஹாவ்’ கூடினால், இல்லாத முகாமில் இருப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

காணி விடயத்திலும் இதே வேறுபாடு உண்டு. வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்த ஒருவரின் காணி விடுவிக்கப்பட்டிருந்தால், “தி ஆமி ஒக்கியுபைட் அவர் லேண்ட்” என்று எழுதி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதையும் சேர்க்கவேண்டும். இன்னும் விடுவிக்கப்படவில்லை என்றால் “தி ஆமி ஹாஸ் ஒக்கியுபைட் அவர் லேண்ட் சின்ஸ் 1990” என்று எழுதவேண்டும். விடுவிக்கப்படாத காணிக்கு முதல் வடிவத்தைப் பயன்படுத்தினால், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே வாசிப்பவர் நினைப்பார்.

இரண்டு வசனமாக எழுதுங்கள்

காணாமலாக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே வசனத்துக்குள் அடக்க முயலவேண்டாம். நடந்த சம்பவத்துக்கு ஒரு வசனம், அதன் பின்னான நிலைக்கு ஒரு வசனம் என்று பிரித்தால் காலமும் தானாகவே பிரிந்துவிடும்.

முதல் வசனம்: “சோல்ஜர்ஸ் டுக் மை சன் ஒன் 18 மே 2009.” படையினர் 2009 மே 18 அன்று எனது மகனைக் கொண்டுசென்றார்கள். நாள் குறிக்கப்பட்ட சம்பவம், ஆகவே சிம்பிள் பாஸ்ட்.

இரண்டாம் வசனம்: “ஐ ஹாவ் நொட் சீன் ஹிம் சின்ஸ்.” அதன் பின்னர் இன்றுவரை அவரைக் காணவில்லை. தொடரும் நிலை, ஆகவே பிரசன்ட் பேர்பெக்ட்.

இந்தப் பிரிப்புக்குச் சட்டத்திலும் இடமுண்டு. வலிந்து காணாமலாக்கப்படுதலிலிருந்து அனைவரையும் பாதுகாக்கும் 1992 ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனத்தின் 17 ஆவது உறுப்புரை, காணாமலாக்கப்பட்டவருக்கு என்ன நடந்தது, அவர் எங்கே இருக்கிறார் என்பது மறைக்கப்பட்டு வெளிப்படாதிருக்கும் வரை அந்தக் குற்றம் தொடர்ந்து நடக்கும் ஒன்றாகவே கருதப்படவேண்டும் என்கிறது. இதே விடயம் பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016 மே மாதம் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உள்நாட்டில் வடிவம் கொடுத்தது. ஒரு வினைச்சொல் வழக்கைத் தீர்மானித்துவிடாது. ஆனால் தொடரும் ஒன்றை முடிந்துபோனதாக எமது கையாலேயே எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை.

‘ஹாட்’ எங்கே தேவை?

எமது செய்திகளில் “தெரிவித்திருந்தார்”, “கலந்துகொண்டிருந்தார்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான இடங்களில் அதன் பொருள் ‘தெரிவித்தார்’, ‘கலந்துகொண்டார்’ என்பதே. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால் ஒவ்வொரு வசனத்திலும் ‘ஹாட்’ வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஹாட்’ சேர்த்த பாஸ்ட் பேர்பெக்ட் வடிவத்தின் முதன்மையான வேலை, கடந்தகாலத்தில் நடந்த இரண்டு விடயங்களில் எது முந்தியது என்று காட்டுவது.

“வென் வீ ரீச்ட் ஓமந்தை, தே டுக் ஹிம்.” நாங்கள் ஓமந்தைக்கு வந்தோம், அங்கே வைத்து அவரைக் கொண்டுபோனார்கள்.

“வென் வீ ரீச்ட் ஓமந்தை, தே ஹாட் டேக்கன் ஹிம்.” நாங்கள் ஓமந்தைக்கு வந்தபோது அவரை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டாவது வசனத்தின்படி அவர் கொண்டுசெல்லப்பட்டது ஓமந்தைக்கு வருவதற்கு முன்னர். அப்போது அவர் வேறு இடத்தில் இருந்திருக்கலாம், பொறுப்பானவர்களும் வேறு ஆட்களாக இருக்கலாம். எங்கே, எப்போது, யாருடைய பிடியில் என்பவைதான் இத்தகைய முறைப்பாட்டின் முதுகெலும்பு. இடம் தவறாத ‘ஹாட்’ அதைத் தெளிவாக்கும், தேவையற்ற ‘ஹாட்’ குழப்பிவிடும். நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனால் பெரும்பாலும் ‘ஹாட்’ தேவைப்படாது. பின்னால் சொன்னதிலிருந்து முன்னால் நடந்ததற்குத் திரும்பும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது நடந்தது

ஒரு செயல் நடந்துகொண்டிருக்க இன்னொன்று குறுக்கிட்டால், நீண்ட செயலுக்கு ‘வோஸ்’ அல்லது ‘வேர்’ உடன் ‘இங்’ சேரும், குறுக்கிட்டதற்குச் சிம்பிள் பாஸ்ட். “வீ வேர் குரொஸிங் த பிரிட்ஜ் வென் ஐ சோ ஹிம்.” பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது அவரைக் கண்டேன். “வீ குரொஸ்ட் த பிரிட்ஜ் அண்ட் ஐ சோ ஹிம்” என்றால் பாலத்தைக் கடந்து முடித்த பின்னர் கண்டதாக ஆகும். வட்டுவாகல் பாலத்தின் எந்தப் பக்கத்தில் வைத்துக் கண்டீர்கள் என்று பின்னர் ஒருவர் கேட்டால், பதில் இந்த வசனத்திலிருந்துதான் எடுக்கப்படும்.

அப்பா தோட்டத்துக்குப் போவார்

தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். “அந்தக் காலத்தில் அப்பா விடிய எழும்பித் தோட்டத்துக்குப் போவார்.” இதில் எவருக்கும் குழப்பம் வராது. இதை ‘வில் கோ’ என்று எழுதினால் அப்பா இனிமேல் போகப்போகிறார் என்று பொருள்படும். கடந்தகால வழக்கத்துக்கு ‘யூஸ்ட் டு கோ’ அல்லது ‘வுட் கோ’ என்று எழுதவேண்டும். இறந்துபோன ஒருவரைப் பற்றி ‘வில்’ வந்தால், வாசிப்பவர் அவர் உயிரோடு இருப்பதாக எண்ணுவார். அடுத்த பக்கத்தில் அவரது மரணம் வரும்போது முரண்பாடு என்று குறித்துக்கொள்வார்.

அவர்கள் சொன்ன வார்த்தை

“விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு சொன்னவங்கள்.” இந்த வசனத்தைச் சொல்லாத தாய்மார் வடக்கு கிழக்கில் குறைவு. தமிழில் ‘என்று’ போட்டால், சொன்னவரின் வார்த்தை அதே காலத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் “தே செட்” என்று தொடங்கினால், பின்னால் வரும் ‘வில்’ வழமையாக ‘வுட்’ ஆக மாறும்: “தே செட் தே வுட் ரிலீஸ் ஹிம் ஆஃப்டர் அன் இன்குவைரி.” இங்கே ‘வில்’ என்று எழுதினால் அந்த வாக்குறுதி இன்னும் நிலுவையில் இருப்பதாகத் தோன்றும்.

சொன்ன வார்த்தை முக்கியமானதாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் நேரடியாகவே எழுதலாம். அப்போது காலத்தை மாற்றத் தேவையில்லை. எந்த மொழியில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

‘இஸ்’ அல்லது ‘வோஸ்’

“ஹிஸ் நேம் வோஸ்”, “ஹி வோஸ் மை சன்” என்று எழுதினால், ஆங்கிலத்தில் அந்த நபர் இறந்துவிட்டார் என்றே கொள்ளப்படும். காணாமலாக்கப்பட்டவரின் இறப்பு உறுதிப்படுத்தப்படாத வரையில் “ஹிஸ் நேம் இஸ்”, “ஹி இஸ் மை சன்” என்பதே உண்மைக்குப் பொருந்தும். அப்போதைய வயதுக்கும் தொழிலுக்கும் இறந்தகாலம் சரி: “ஹி வோஸ் 24 வென் ஹி வோஸ் டேக்கன்.” இப்போதைய வயதை “ஹி வுட் பீ” என்று தொடங்கினால், அவர் உயிரோடு இருந்திருந்தால் என்ற நிழல் அதில் விழும். பிறந்த திகதியைக் கொடுத்துவிட்டால் அந்த வசனமே தேவைப்படாது.

“ஐ லொஸ்ட் மை சன்” என்ற வசனத்தையும் தவிர்ப்பது நல்லது. காணவில்லை என்ற எண்ணத்தில் எழுதினாலும், ஆங்கிலத்தில் அது மகன் இறந்துவிட்டான் என்றே கேட்கும். “மை சன் இஸ் மிஸிங்” அல்லது “மை சன் ஹாஸ் பீன் மிஸிங் சின்ஸ் 2009” என்று எழுதுங்கள். இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. இறப்பைப் பதியாமலே, காணாமற்போன நிலையைப் பதிந்து சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்ததும் இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான்.

‘வந்தவர்’, ‘கண்டனான்’

எமது பேச்சில் “அவர் போன கிழமை வந்தவர்”, “நான் அவரைக் கண்டனான்” என்று சொல்வோம். ‘வந்தார்’, ‘கண்டேன்’ என்பதே பொருள். இலங்கைத் தமிழ் பழகாத உரைபெயர்ப்பாளர் ஒருவருக்கு ‘வந்தவர்’ என்பது ‘வந்த நபர்’ என்று கேட்கக்கூடும், வசனம் முடியவில்லை என்று அவர் காத்திருக்கவும் கூடும். விசாரணைகளில் ‘வந்தார்’, ‘கண்டேன்’ என்று முடித்துச் சொல்வது பாதுகாப்பானது. உரைபெயர்ப்பாளரின் தமிழ் உங்களுக்கு விளங்காவிட்டாலும், உங்கள் தமிழ் அவருக்கு விளங்கவில்லை என்று பட்டாலும் உடனேயே சொல்லிவிடுங்கள்.

கையொப்பமிட முன்னர்

முதலில் தமிழில் எழுதுங்கள். அந்தத் தமிழ்ப் பிரதியில் ஒரு நகலை உங்களிடம் வைத்திருங்கள். ஆங்கிலப் பிரதியைத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அப்படி வாசிக்கும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. திகதி உள்ள ஒவ்வொரு வசனத்திலும் சிம்பிள் பாஸ்ட் இருக்கிறதா?

2. இன்றும் தொடரும் ஒவ்வொன்றிலும் ‘ஹாஸ்’ அல்லது ‘ஹாவ்’ இருக்கிறதா? காணாமலாக்கப்பட்டவர், விடுவிக்கப்படாத காணி, ஆறாத காயம் ஆகியன இதில் அடங்கும்.

3. முடிந்துபோன ஒன்றில் தவறுதலாக ‘ஹாவ்’ நுழைந்துவிட்டதா?

4. ‘ஹாட்’ வரும் இடங்களில், உண்மையிலேயே முந்தி நடந்ததைத்தான் அது குறிக்கிறதா?

5. உயிரோடு இருக்கக்கூடியவருக்கு ‘வோஸ்’ வந்துவிட்டதா?

6. திகதி நினைவில்லாத இடத்தில், நினைவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறதா? “ஐ டு நொட் ரிமெம்பர் தி எக்ஸாக்ட் டேட், இட் வோஸ் இன் ஏப்ரில் ஓர் மே 2009” என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. ஊகித்த திகதியை உறுதியான திகதிபோல எழுதினால்தான் பின்னர் சிக்கல் வரும்.

பிழை கண்டால் கையொப்பமிட முன்னரே திருத்தச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பின்னர் கண்டுகொண்டால், என்ன எழுதப்பட்டது, உண்மையில் சொன்னது என்ன என்பதைக் குறித்துத் திருத்தக் கடிதம் ஒன்றைச் சட்டத்தரணி ஊடாக விரைவாகக் கொடுங்கள்.